இல்லை என்று முடியும் பாட்டு

கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் அவளுக்குக் கவியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். வேலை, மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது. வட்டமாக வரும் வில்லையைச் சட்டத்தின் உருவத்துக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்து, கட்டைவிரலால் அழுத்தினால் அது ‘டக்’கென்று உட்கார வேண்டும். மயிரிழை கூடினால் சட்டம் விரியும், குறைந்தால் வில்லை ஆடும். சாணைக்கல் சுற்றும்போது மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது. அதனால் அவள் யாரிடமும் பேசுவதில்லை. பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பாள்.

தேய்த்த வில்லையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். கீறல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆனால் கீறலைப் பார்த்து முடித்த பிறகும் அவள் கையை இறக்க மாட்டாள். வேறு யாருடைய கண்ணுக்கோ செய்த வில்லை வழியாக எதிர்த்தெரு தெரியும். தையல்கடைப் பலகையின் எழுத்துகள் கரைந்து வழியும். நடப்பவர்களுக்கு ஓரங்கள் இருக்காது. குடை பிடித்த பெண் ஒருத்தி ஒரு நிறமாக மட்டும் வந்து ஒரு நிறமாக மட்டும் போவாள். அந்தக் கரைந்த தெருவில்தான் சொற்கள் ஜோடி ஜோடியாக நடந்து வரும் என்பாள். மேற்பார்வையாளர் தோளைத் தட்டினால் அவை ஓடிவிடும்.

சின்ன வயதிலேயே பிடித்த பித்து இது. கயிறு தாண்டி விளையாடும்போது மற்றப் பெண்கள் எண்ணிக்கொண்டே குதிப்பார்கள். இவள் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு குதிப்பாள். கதவு என்றால் உதவு என்ற சொல் எங்கிருந்தோ திரும்பிப் பார்க்கும். கடல் என்றால் மடல், உடல், திடல் என்று ஒரு குடும்பமே கிளம்பி வரும். இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் அதற்கு எதுகை என்று பெயர், முதல் எழுத்து ஒத்தால் மோனை, அடியின் கடைசி ஒத்தால் இயைபு என்பதெல்லாம் பிற்பாடு நடைபாதையில் வாங்கிய, அட்டை போன ஓர் இலக்கணப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டது. படித்தபோது அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தினமும் வழியில் பார்த்துச் சிரிக்கும் ஆட்களின் பெயர் ஒருவழியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பட்டறையில் யாருக்காவது கல்யாணம், பிறந்தநாள், பிரிவு என்றால் பாட்டு அவள் தலையில்தான் விழும். மூத்த தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்ற அன்று எழுந்து நின்று வாசித்தாள்.

*பார்வை தந்த கைகள் இனிமேல்*
*போர்வைக் குள்ளே ஓயட்டும்.*

எல்லோரும் கை தட்டினார்கள். ஓய்வு பெற்றவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

“நான் போர்வையே போத்த மாட்டேனேம்மா. எனக்கு வேர்த்துக் கொட்டும்.”

“பார்வைன்னு ஆரம்பிச்சாச்சுண்ணே. போர்வை இல்லாம எப்படி?”

“அப்ப எதுகைக்காக நான் போத்திக்கணுமா?”

“ஒரு நாளைக்குப் போத்திக்குங்க. குறைஞ்சா போயிடுவீங்க?”

இதுதான் கவியக்காவிடம் இருந்த கோளாறு. அவள் பாட்டில் குட்டையானவர் நெட்டையாவார், வாய் ஓயாதவர் அடக்கமானவர் ஆவார். எல்லாம் அடுத்த அடியில் என்ன சொல் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொய் சொல்லும் பெண் அல்ல அவள். கடையில் மிச்சச் சில்லறை கூட வந்தால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஆனால் எதுகை வந்து கையைப் பிடித்து இழுத்தால் மட்டும், பின்னாலேயே போய்விடுவாள்.

இதை நன்றாகத் தெரிந்துகொண்டவர் அவள் புருஷன். ரொட்டிக் கடையில் அடுப்பு அவர் பொறுப்பு. ஊர் தூங்கும்போது அவர் வேலைக்குப் போவார், ஊர் வேலைக்குப் போகும்போது அவர் வீட்டுக்கு வந்து தூங்குவார். கல்யாணம் ஆன புதிதில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அபூர்வமாக இருந்தது. அதனால் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார்கள். அவர் கிளம்பும் முன் சமையலறைக் கதவில் சாக்கட்டியால் ஓர் ஈற்றடி எழுதிவிட்டுப் போவார். அதற்கு மேலே வர வேண்டிய மூன்று அடிகளையும் அவள் எழுதி வைக்க வேண்டும். கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசியதே இதற்காகத்தான். மகள் பிறந்து, வளர்ந்து, வேறு தெருவுக்குக் குடிபோன பிறகும் அந்த விளையாட்டு நிற்கவில்லை. பேச்சில் அவரை ‘நீங்க’ என்பாள், பாட்டில் ‘நீ’. பாட்டில் மட்டும்தான் ‘நீ’.

ஒரு நாள் அவர் ‘ரொட்டி கருகியது இன்று’ என்று எழுதிவிட்டுப் போனார். சாயங்காலம் எழுந்து பார்த்தால் கதவில் இப்படி இருந்தது.

*வெட்டிப் பேச்சு நீளப் பேசி*
*எட்டிப் பார்க்க மறந்து நின்று*
*கட்டிப் போட்ட கனவில் மூழ்கி*
*ரொட்டி கருகிய தின்று.*

“நான் எங்க வெட்டிப் பேச்சு பேசினேன்? அடுப்பு ரிப்பேரு. அதான் கருகிச்சு.”

“அடுப்புன்னு எழுதினா எதுகை மாறிடுமேங்க.”

“அடுப்புக்கா எதுகைக்குப் பஞ்சம்? இடுப்பு இருக்கு, கடுப்பு இருக்கு. எனக்கு இப்ப ரெண்டுமே இருக்கு.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவர் விடவில்லை. “இந்தா, ஒண்ணு சொல்றேன் கேளு. சொல்ல வந்தது முதல்ல வரணும். எதுகை அப்புறம் வந்தாப் போதும்.”

“சொல்ல வந்ததை மட்டும் சொல்றதுக்கு எதுக்குங்க பாட்டு?” என்றாள் அவள். அந்த வாதத்தில் அவள்தான் ஜெயித்தாள். எல்லா வாதத்திலும் அவள்தான் ஜெயிப்பாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், பகல் வேலைக்கும் நிற்க வேண்டி வந்த ஒரு நாள், மாவு பிசையும் மேசை முன் நின்ற அவள் புருஷன், அந்த ரொட்டிக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் தட்டை எடுக்கச் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வலது கை மாவுக்குள்ளேயே கிடந்தது. அதை வெளியே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். செய்தி வந்தபோது கவியக்கா ஒரு குழந்தையின் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக்கொண்டிருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாணைக்கல்லை நிறுத்தாமலே போய்விட்டாள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது பக்கம் பலம் குறைந்திருந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, கை இன்னும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தபோது பேச்சில் அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அதான். தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். தலையணையைத் தூக்கி வைக்கட்டுமா என்றால் அதான். கோபமாகச் சொல்வார், கெஞ்சிச் சொல்வார், சில சமயம் ஒரு நீண்ட கதை சொல்வது போல ஏற்றி இறக்கி அதான் அதான் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்ப்பார். அவளுக்கு ஒன்றும் புரியாது. அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். கோப்பை, நாற்காலி, பூட்டு. எல்லாவற்றுக்கும் அவர் அதான் என்றார்.

“அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்லணும்னும் தோணுது. நினைக்கற வார்த்தையைத் தேடி எடுக்கற இடத்துலதான் சிக்கல்.”

“வருமா?”

“வரலாம். நாளாகும்.”

கவியக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவராக நினைத்து, அவராகத் தேடி எடுத்து, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி. திட்டினாலும் சரி.

ஒரு காலையில் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் இளவெயில் வந்து விழுந்திருந்தது. பழக்கதோஷம், வாய் தானாக முணுமுணுத்தது.

*காலை வந்தது கதவைத் திறக்க,*
*காக்கை வந்தது வானில்…*

துணியைப் பிழிவதற்காக நிறுத்தினாள்.

“பறக்க,” என்றார் அவர்.

தெளிவாக. அடுப்படியில் நின்று கூப்பிடும் அதே பழைய குரலில். துணி கையிலிருந்து நழுவி விழுந்தது. சொன்னது யார் என்பது போல அவரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். அவள் திரும்பவும் அதே அடிகளைச் சொன்னாள், திரும்பவும் பறக்க என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு ஒன்று சொல்லிப் பார்த்தாள்.

*வீதி எல்லாம் விரிந்த குடை,*
*வேலை முடிந்தால் வீட்டுக்கு…*

“நடை.”

அன்றைக்கு அவள் பட்டறைக்குப் போகவில்லை. அடுத்து வந்த நாட்களை அவள் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது, எல்லாமே ஒரு வில்லை வழியாகப் பார்த்தது போல ஓரம் கரைந்துதான் தெரியும். விடியும்போது பாட்டு, குளிக்கும்போது பாட்டு, சாப்பிடும்போது பாட்டு. முக்கால் அடி அவள் சொல்வாள், கடைசிச் சொல் அவருடையது. ஜன்னல் திரை உள்ளே ஊதி வெளியே போகும். மழை தூறும், நிற்கும். இரண்டு பேரும் பாதிக் கனவில் இருப்பவர்கள் போல, சொல் கொடுத்துச் சொல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் விழித்திருந்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தாள். அவருக்கு வந்த நோவில் சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் பெருமையாகச் செய்து காட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள், ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை.

“நல்ல விஷயம்தான். பாட்டு வேற வழியா வருதும்மா. சொல்லு சொல்லை இழுத்துட்டு வருது. இதுதான் அவர் பேச்சுன்னு இப்பவே நினைச்சுடாதீங்க.”

கவியக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தச் சொல் எதை இழுக்கும் என்று தனக்குத் தெரியாதா என்ன?

நடக்கும்போது வலது பாதம் தொங்காமல் இருக்க, கணுக்காலைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். விறைப்பானது. காலையில் காலுறை போட்டு, அதன் மேல் பட்டையை மாட்டி, செருப்புக்குள் காலை நுழைத்து, தெருக்கோடி வரை கூட்டிப்போய்த் திரும்புவது அவள் வேலை. பட்டை எங்காவது உறுத்துகிறதா என்று தினமும் கேட்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டாள். அவளுக்குத் தெரிந்த விதத்தில் கேட்டாள்.

*வாசல் தாண்டித் தெருவின் எல்லை*
*வரையில் நடந்தும் வலியே…*

“இல்லை,” என்பார் அவர்.

கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று என்று அவள் நிம்மதியாக இருந்தாள். தினமும் அதே பாட்டு, தினமும் அதே இல்லை. அவர் அதைச் சொல்லும்போது முகத்தைச் சுளித்தாரா? சுளித்திருக்க வேண்டும். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிச் சொல் சரியாக வந்து விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வேலைக்கு நடுவே நீலச் சீருடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அப்படி வந்த ஒரு மத்தியானம், அம்மா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்ததால், அப்பாவின் காலுறையைத் தானே கழற்றினாள். துணி குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல நனைத்து எடுத்தபோது உள்ளே தோல் உரிந்து, சிவந்து, ஓரம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. ஒரு நாளில் வந்த புண் இல்லை.

“அம்மா, இங்க வா.”

கவியக்கா கரண்டியோடு வந்தாள். பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

“தினம் கேட்டேனே. இல்லைன்னுதானே சொன்னார்.”

“எப்படிக் கேட்ட?”

கவியக்கா சொன்னாள். பாட்டைச் சொல்லச் சொல்லவே அவள் குரல் இறங்கியது. எல்லை என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கட்டிலில் இருந்த ரொட்டிக்காரர், யாரும் கேட்காமலே, “இல்லை,” என்றார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

மகள் காலுறையை மடித்து ஓரமாக வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும்.

“நீ அவரைக் கேக்கலம்மா. பதிலையும் நீயே எழுதிட்ட.”

புண் ஆறிவிடும் என்றார் மருத்துவர். பட்டையை மாற்றிக் கொடுத்தார். ஆனால் கவியக்காவுக்கு வாய் கட்டிப்போயிற்று. வலிக்கிற மனுஷனை, வாயில்லாத மனுஷனை, வலி இல்லை என்று தினமும் சொல்ல வைத்திருக்கிறாள். அதுவும் இயைபு பிசகாமல். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்டாள், பசிக்குதா, குளிருதா, வலிக்குதா என்று. அதான் என்றார். வேறு ஒன்றும் வரவில்லை. வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சாக்கட்டியை எடுத்து எங்கேயோ கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டாள்.

பட்டறையில் வில்லை கைதவறியது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தெரு கரைந்தது, ஆனால் அதில் யாரும் நடந்து வரவில்லை. எத்தனை பேருக்குப் பாட்டு எழுதியிருக்கிறோம், ஒருத்தரையாவது உள்ளது உள்ளபடி எழுதினோமா என்று யோசித்தாள். வேர்த்துக் கொட்டும் மனுஷனுக்குப் போர்வை போர்த்தியது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது, இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறை வந்த பயிற்சிக்காரப் பெண், அறை அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பாட்டு என்னாச்சும்மா?”

“விட்டுட்டேன். அது பொய்யி.”

“பொய் இல்ல. அது அவர் வாயைத் திறந்து வைக்குது. அதை மூடிட்டா நான் அட்டையைக் காட்டி என்ன பிரயோஜனம்?” அந்தப் பெண் யோசித்துச் சொன்னாள். “நிறுத்த வேணாம். ஆனா அவர் மறுக்கறதுக்கு ஒரு இடம் விடுங்க.”

மறுக்கிற இடம். கவியக்கா அதைச் சாணைக்கல் முன் கொண்டுபோய் வைத்துக்கொண்டு யோசித்தாள். நல்ல பாட்டு என்றால் கடைசிச் சொல் வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும். அதற்காகத்தான் இத்தனை காலம் மல்லுக்கட்டினாள். அப்படிப்பட்ட பாட்டில் மறுக்க இடம் ஏது? தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தையல்கடைப் பலகை வழிந்து வழிந்து மறுபடி எழுத்தானது. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கடைசிச் சொல் பொய்யாக இருந்தால்? கண்ணுக்கு எதிரே இருப்பதற்கு நேர்மாறாக இருந்தால்? அதை அவர் சொல்ல மறுத்தால், அந்த மறுப்பு அவருடையது. பாட்டு கொடுத்ததாக இருக்க முடியாது.

பொய்ப்பாட்டுக் கட்டுவது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. இழுப்பு குறைந்தால் அவர் வாய் திறக்கவே மாட்டார், அதான் என்றுவிடுவார். சொல் அவரைப் பலமாக இழுக்க வேண்டும், அவர் அதற்கு ஈடு கொடுத்து நிற்க வேண்டும். எதுகை, மோனை, இயைபு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்து வைத்தாள். தெரியாமல் சொன்ன பொய்களுக்கெல்லாம் இவ்வளவு பாடுபட்டதில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து, அவரை மழைக்கு நேராக உட்கார வைத்துச் சொன்னாள்.

*ஓட்டுக் கூரை மேலே குயில்,*
*வீட்டுக் குள்ளே வந்தது…*

அவர் மழையைப் பார்த்தார். சாரல் முகத்தில் தெறித்தது. “வெயில்,” என்றார்.

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். ஆனால் மறுநாளும் ஒன்று கட்டினாள், அதற்கு மறுநாளும். அவர் சொல்லின் பின்னாலேயே போனார். இத்தனை வருஷம் தான் போனது போலவே போகிறார் என்று அவளுக்குப் பட்டது, அவர் மேல் அப்போது பொங்கிய பிரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், இப்படிச் சொன்னாள்.

*குட்டைச் செடியில் எலுமிச்சை,*
*சட்டை நிறமோ நல்ல…*

“பச்சை,” என்றார். சொல்லிவிட்டு முகம் சுளித்தார். இடது கையை நீட்டி மகளின் நீலச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

“நீலம்ப்பா,” என்றாள் மகள்.

“அதான்,” என்றார் அவர், சலித்துக்கொண்டு.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அன்றுதான் அவளுக்கு அம்மா செய்வது என்னவென்று புரிந்தது. போகும்போது வாசலில் நின்று, “விடாதம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கேட்க வேண்டியதை மட்டும் கவியக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பலம் இல்லாத கை தொங்கித் தொங்கி வலது தோள் நோகும் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருந்தாள். சட்டை மாட்டும்போது அவர் பல்லைக் கடிப்பதையும், தனியாக இருக்கும்போது இடது கையால் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அவள் இப்போது பார்க்கத் தவறுவதில்லை. வலி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த இல்லை என்ற சொல்லை மறுபடி அவர் வாயில் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் அதைச் சொல்லிவிட்டால் தன்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. வெயிலும் பச்சையும் போனால் போகட்டும். இது அப்படிப் போகிற விஷயம் இல்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம். ஈரத் தெருவிலிருந்து வெளிச்சம் எழும்பி, கூரையின் அடிப்பக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் தோளைப் பிடித்தபடி இருந்தார். அறை தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. கவியக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை காதை அல்ல, கண்ணை அவர் முகத்தில் வைத்தாள். மெல்ல, தாலாட்டுவது போல ஆரம்பித்தாள்.

*கையால் தேய்த்த கண்ணாடி வில்லை,*
*காற்றுக் கெங்கே காவலும் எல்லை,*
*தூங்கும் வீட்டில் ஏதொரு தொல்லை,*
*தோளில் உனக்கு வலியே…*

அவர் உதடு பிரிந்தது. “இ…” என்றார்.

பாட்டு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. மூன்று அடியும் சேர்ந்து அந்த ஒரே சொல்லைத்தான் கேட்டன. அவள் கட்டியதிலேயே இழுப்பு அதிகமான பாட்டு இதுதான். நாமே கட்டினோமே என்று தோன்றியது. வாயைப் பொத்திவிடலாமா என்றுகூட இருந்தது. மடியில் கைகளை இறுக்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அவர் சொல்லவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. நெற்றியில் நரம்பு புடைத்தது. கனமான தட்டை அடுப்பிலிருந்து வெளியே இழுக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். கண் அவளை விட்டு நகர்ந்து, தன் தோளைப் பார்த்து, மறுபடி அவளிடம் வந்தது. நாக்கு மேலே போய், எதையோ தள்ளிவிட்டு, வேறு எதையோ தேடியது.

“இ… ரு…” என்றார். மூச்சு வாங்கினார். “இருக்கு.”

இயைபு உடைந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் காதில் விழுந்த எந்தப் பிசகும் இப்படி இனித்ததில்லை. அவள் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அசிங்கமாக அழுதாள்.

“எங்கங்க? இங்கயா? இங்க வலி இருக்கா?” என்று எழுந்து போய் அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்து, அழுகையோடு அழுகையாக அழுத்தித் தேய்த்தாள். வில்லை தேய்த்துப் பழகிய கை, பலம் கொஞ்சம் அதிகம்.

ரொட்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“மெதுவா,” என்றார்.